வான்குடை நாடா நெய்த எங்கள் அக்கா

அக்கா மறைந்த ஓராண்டு நிறைவில் எங்கள் இல்லம் தேடி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவோடு தறிக்கூடத்தில் நின்ற தோழர்களே! மேடையில் ஏறிப் பேசப் பழகியவன் நான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அக்காவைப் பற்றி எழுத அமர்ந்தபோது வெட்டிப் பேச ஒரு சொல்லும் அகப்படவில்லை. ஒட்டிப் பேசவோ குரல் எழவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் எங்கேனும் தலைகாட்டினால் அது என் பழக்கத்தின் பிழை; பொறுத்தருள்க.

அக்கா பிறந்தது திருத்தணியில், மலையடிவாரத்து நெசவாளர் தெருவில். எங்கள் அப்பாவை நைனா என்போம்; அவர் சேலை நெய்பவர். வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் புழங்கும். அக்கா முதலில் எழுதிப் பழகியது தெலுங்கு எழுத்தை. அவர் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எல்லைக்கோடு நகர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஆந்திரம் போய்ச் சென்னை மாநிலம் வந்தது. பள்ளியும் மாறியது. அதுவரை முதலிடத்தில் இருந்த மாணவி புதிய பள்ளியில் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டார். அழவில்லை. அடுத்த ஆண்டு அதே பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் பெற்று முன் வரிசைக்கு வந்தார்.

அந்தப் பருவத்தில்தான் அவருக்கு ஒரு காய்ச்சல் கண்டது. மூட்டுகள் வீங்கின, சில வாரங்களில் வற்றின. காய்ச்சல் போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினோம். அது போகும்போது அவருடைய இதயத்தில் ஒரு கதவைச் சுருக்கிவிட்டுப் போனது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் வேலூர் மருத்துவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். பிள்ளைப்பேறு கூடாது என்று அவர்கள் தடுத்ததும் அதனால்தான். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அக்கா, மருத்துவமனை வாசலில் எங்கள் அம்மாவுக்கு வெற்றிலை வாங்கித் தந்தார். அதைப் பற்றி அவர் பின்னர் பேசியதே இல்லை.

நைனா காலமானபோது அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருந்தார். மேற்கொண்டு படிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. தாய்மாமன் மகனுக்கு அவரை மணம் முடித்தார்கள். அவரை அக்காவும் பாவா என்றே அழைப்பார், நானும் பாவா என்றே அழைப்பேன். சென்னையில் ஓர் ஆலையில் தறி பழுதுபார்க்கும் வேலையில் இருந்த பாவா, திருமணத்துக்குப் பின் ஊருக்கே வந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்யத் தொடங்கினார்.

வங்க தேசத்துக்காகப் போர் மூண்ட குளிர்காலம் அது. படைவீரர்கள் ஏறிய ரயில்கள் அரக்கோணம் சந்திப்பில் நின்று போகும். ஊர்ப் பெண்கள் உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். அக்காவும் போனார். பொட்டலத்தை வாங்கக் குனிந்த ஒரு வீரரின் தோளில் தொங்கிய பையை அக்கா பிடித்துக்கொண்டார். பையின் வாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொட்டலத்துக்குப் பதிலாகப் பையைக் கேட்கிறார் என்று எண்ணிய அந்த வீரர் இந்தியில் ஏதோ கெஞ்ச, நடைமேடையே சிரித்தது. வாரின் உட்புறத்தில் அயல்நாட்டு முத்திரை ஒன்று இருந்ததாம். வீடு திரும்பியதும் பாவாவிடம் சொன்னார்:

"பாவா, நம்ம புள்ளைங்க தோள்ல ஊரான் நெய்த வாரு தொங்கினு கீது. அது ஒண்ணும் மாயமில்ல. நம்ம தறிய குறுக்கினா வரும்."

"தறிய குறுக்கறதா? இன்னா, பாவாடையா புடிச்சி சுருக்கறதுக்கு?" என்றார் பாவா.

ஆனால் குறுக்கினார். நெஞ்சில் பட்ட சொல்லை நெடுநாள் சுமக்க மாட்டார் பாவா. கையில் எடுத்துச் செய்துவிடுவார். அரசாங்கத் தொழிற்சாலைகளுக்கு நாடாவும் வாரும் வழங்கும் தனியார் நிறுவனம் ஒன்று சென்னையில் இருந்தது. மாதிரித் துண்டோடு அங்கே பலமுறை நடந்தார். தோற்ற துண்டுகளைக் கொண்டுவந்து அக்காவின் முன் போடுவார். அக்கா இழை இழையாகப் பிரித்து, நெடுக்கு நூலை மறுபடி பாவு கட்டச் சொல்வார். இறுதியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கேட்டது பை வார் அல்ல, அதைவிடக் கடினமானது. மலைமுகட்டுக் காவல் நிலைகளில் இருக்கும் வீரர்களுக்கு உணவும் மருந்தும் இறக்கும், பாராசூட் எனப்படும் வான்குடைகளின் பருத்தி நாடா.

தெரு சும்மா இருக்குமா? எங்கள் தறிக்கூடத்துக்குப் 'பாவாடை நாடா கம்பெனி' என்று பெயர் வைத்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண்மணி அக்காவிடம் நேரிலேயே கேட்டார்: "இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி பாவாடைக்கு நாடா போட்ட?"

"ஒரே பாவாடைதான் அக்கா. ஆகாசம் கட்டிக்கிற பாவாடை. அதான் நாடா கொஞ்சம் நீளமா கேக்குது" என்றார் அக்கா. கேட்டவரே குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் அவருடைய மகள் எங்கள் கூடத்தில் நூல் சுற்ற வந்தாள்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். சேலையில் இழை அறுந்தால் நெசவாளர் அதை ஒட்டுவார். கஞ்சி தொட்டு, இரு முனையையும் விரலில் உருட்டி முறுக்கி, ஒட்டியது தெரியாதபடி நெய்துகொண்டே போவார். ஒட்டுத் தெரிந்தால் அது சேலைக்கு இழுக்கு. நெய்தவருக்கு அதைவிட இழுக்கு. வான்குடை நாடாவின் விதி இதற்கு நேர்மாறு. பாரம் தாங்கும் நாடாவில் ஒட்டிய இடம் நழுவும். ஆகவே இழை அறுந்த இடத்தில் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட வேண்டும். தைக்கும் இடத்தில் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். குறையை மறைப்பவர் கைதேர்ந்தவர் என்பது அங்கே. குறையைக் காட்டுபவரே நம்பத்தக்கவர் என்பது இங்கே.

எங்கள் கூடத்தில் மூத்தவர் முனிரத்தினம் மாமா. நைனாவின் காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். அவர் ஒட்டிய இடத்தை ஒட்டியவரே வந்து காட்டினாலும் நம்ப முடியாது என்று பெயர் பெற்றவர். அக்கா சிவப்பு நூலைக் கொடுத்து விதியைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். மாமாவும் ஆட்டினார்.

முதல் பெருஞ்சரக்கு முடிந்தது. அரசாங்க ஆய்வு அதிகாரி வந்தார். துண்டுகளை வெட்டி இழுவைப் பொறியில் மாட்டிப் பார்த்தார். மற்ற சுருள்களைக் கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்த்தார். பொறி நிறைவாகச் சொன்னது, விரலும் நிறைவாகச் சொன்னது. சரக்குக்கு முத்திரை விழுந்தது.

அதே வாரத்தில் சென்னையில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு பட்டிமன்றம். படைக்கலத் தொழில் அரசின் கையில் மட்டும் இருக்க வேண்டுமா, தனியாரும் அதில் பங்கு பெறலாமா என்பது தலைப்பு. அப்போது கல்லூரி மாணவனாக இருந்த நான் தனியார் பக்கம் நின்று பேசினேன். "அயல்நாட்டு வாரைத் தோளில் சுமந்தபடி நம் எல்லையை எத்தனை நாள் காப்பது? அரசாங்க ஆலைகள் எத்தனைதான் செய்யும்? ஆணி செய்பவனும், நாடா நெய்பவனும், தோல் பதனிடுபவனும் இந்த நாட்டின் மக்கள் அல்லரா? காவல் என்பது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதா?" என்று கேட்டேன். எதிரணியில் ஒரு மாணவி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இலாபம் தேடுகிறவர் தம் சரக்கின் குறையைத் தாமே வந்து சொல்வார் என்பதற்கு என்ன உறுதி?" நான் அதற்கு என்ன விடை சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. நல்ல விடையாகத்தான் இருந்திருக்கும். அரங்கம் கைதட்டியது, கோப்பை எனக்குக் கிடைத்தது.

கோப்பையோடு ஊர் திரும்பினேன். ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். காவடிகளால் தெரு நிறைந்து, சரக்கு ஏற்றிய லாரி எங்கள் வாசலை விட்டு நகர வழியில்லாமல் நின்றிருந்தது. கூட்டம் கலைந்தபின் புறப்படலாம் என்று ஓட்டுநர் மலைமேல் போய்விட்டார். கூடத்தில் எல்லோருக்கும் பாயசம். கோப்பையைப் பார்த்து அக்கா, "நல்லா கீது. வெளக்கி மேல வையி" என்றார். அந்தக் களிப்பில்தான் முனிரத்தினம் மாமா வாயைத் திறந்தார்.

"ஆபீசரு விரலு விரலா தடவுனாரு பாத்தீங்களா? என் ஒட்டு மேலயே விரலு போவுது, வருது. ஒண்ணும் ஆப்புடல. முத்திர குத்திட்டு போயிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பாயசக் குவளையைக் கீழே வைத்தார்.

"மாமா, செவப்பு நூலு கட்டலியா நீங்க?"

"எதுக்குமா கட்டணும்? ஒட்டு தெரிஞ்சாத்தானே அடையாளம் வேணும்? இத்தினி வருசம் நெய்துட்டு, செவப்பு நூலு கட்டினு, 'ஐயா எனக்கு ஒட்ட தெரியாது'ன்னு நானே தண்டோரா போடணுமா? உன் பேரு கெடக் கூடாதுன்னுதான் நல்லா மறைச்சேன்."

அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. அன்பின் பேரால், தொழிலின் பேரால், வாழ்நாள் முழுவதும் பழகிய கை செய்த பிழை அது. ஆனால் எந்தச் சுருளில், எந்த இடத்தில் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

"லாரி போவக் கூடாது பாவா" என்றார் அக்கா.

பாவாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "ஆபீசரே பாஸ் பண்ணிட்டாரு. அத ஃபெயில் பண்றதுக்கு நீ யாரு? சேலைத் தறிய கழட்டிப் போட்டுட்டு நம்மள நம்பி வந்து நிக்கிறாங்க இத்தினி பேரு. இது போச்சுன்னா அவங்க எங்க போவாங்க? அதுவும் எறங்கறது ஆளா? அரிசி மூட்டைதானே!"

"அந்த மூட்டைய பாத்துகினு ஒருத்தன் பனியில நிப்பான் பாவா. அது பள்ளத்துல போச்சுன்னா அவன் இன்னா துன்னுவான்?"

பாவா வாசலுக்குப் போய், லாரியின் அருகில் காவடிக் கூட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஓட்டுநர் விட்டுப்போயிருந்த லாரிச் சாவியை அக்காவின் கையில் கொடுத்தார்.

மறுநாள் அக்காவும் நானும் சென்னைக்கு ரயில் ஏறினோம். திருத்தணிக்கு வந்த ரயில்களில் மனிதர்கள் படிக்கட்டிலும் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் போன பெட்டியில் நாங்கள் மட்டும். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நடைமேடைப் படிகளில் இரண்டு இடங்களில் நின்று நின்று வந்திருந்தார். நான் நிறுவனத்தில் பேச வேண்டியதை வழியெல்லாம் மனத்தில் கட்டினேன். புதிய தொழில் என்பதையும், தொழிலாளரின் அறியாமையையும், எங்கள் நன்னோக்கத்தையும் மூன்று அடுக்காக அமைத்தேன். இன்றும் சொல்கிறேன், அது செம்மையான உரை.

மேலாளரின் அறையில் நான் தொண்டையைச் செருமியபோது, அக்கா என் கையைத் தொட்டார். "நீ பேசாத. நீ பேசினா நல்லா பேசிடுவ."

பிறகு அவரே சொன்னார். நாடாவில் ஒட்டு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியாது, சரக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவுதான்.

மேலாளர் நல்லவர். "அம்மா, பாஸான சரக்கை ஃபெயில் ஆக்குங்கன்னு யாராவது வந்து கேப்பாங்களா? இதெல்லாம் சர்க்கார் ஃபாக்டரி வேலை, ஊர்ப்பக்கம் வீட்ல நெய்யறவங்க கையில குடுக்காதீங்கன்னு எனக்கு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா? நான்தான் சண்டை போட்டு உங்களுக்குக் குடுத்தேன். இப்ப நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

"என் பேர சொல்லுங்க சார். திருத்தணியில ஒரு பொம்பள தப்பு பண்ணிட்டா, அவளே வந்து சொன்னான்னு சொல்லுங்க."

"சொன்னா, இனிமே உங்களுக்கு ஆர்டர் வராது."

"ஆங், தெரியும் சார்" என்றார் அக்கா.

பட்டிமன்றத்தில் அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை அந்த அறையில் ஒரு நாற்காலியின் நுனியில், மூச்சு வாங்கியபடி அமர்ந்திருந்தது. கைதட்ட அங்கே யாரும் இல்லை.

தறிகள் நின்றன. தெருவில் அக்கா நடந்து போனால் பேச்சு நின்றது. சேலைத் தறியை விட்டு வந்தவர்களில் சிலர் கே.ஜி.கண்டிகைப் பக்கம் வயல் வேலைக்குப் போனார்கள். சிலர் திருவாலங்காட்டில் கரும்பு வெட்டப் போனார்கள். "நெஞ்சு நோவு கண்டவளுக்கு புத்தியும் நோவு" என்று காதுபடச் சொன்னவர்களும் உண்டு. முனிரத்தினம் மாமா எங்கள் வாசலைக் கடக்காமல் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனார்.

ஒட்டிய இடங்களை மட்டும் கண்டுபிடித்து வெட்டிவிட்டால் எஞ்சிய நாடாவையேனும் மறுபடி ஆய்வுக்கு வைக்கலாம் என்று அக்கா எண்ணினார். கண்டுபிடிக்கக்கூடியவர் ஒருவர்தான். அவருடைய வீட்டுக்கு அக்கா நேரில் போனார். மாமாவின் மனைவி கதவருகில் நின்றபடி, "அவரு ஊட்ல இல்லம்மா" என்றார். உள்ளிருந்து இருமல் கேட்டது.

"இல்லாதவரு இருமுறாரே அத்தை. கொஞ்சம் வெந்நி வெச்சி குடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வாசற்படியிலேயே அமர்ந்தார். பிறகு அந்த இருமலுக்குள்ளேயே ஒரு சிரிப்பு வந்தது. மாமா வெளியே வந்தார்.

மறுநாள் காலை மாமா வந்து, சுருள்களை முற்றத்தில் விரித்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நனைத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். பொழுது சாயும்வரை தம் கைவேலையைத் தாமே தேடினார். ஒன்றிரண்டைத் தவிர எதுவும் அவருக்கே அகப்படவில்லை. நாடாவின் நடுவில் உட்கார்ந்து, "என்னாலயே முடியலியேம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் மறைச்சிகிறீங்க மாமா" என்றார் அக்கா. கேலி இல்லாமல்தான் சொன்னார். மாமா அப்போது அழுதார்.

சரக்கு முழுவதும் வான்குடைக்கு ஆகாது என்று அக்கா முடிவு செய்தார். பின்னே என்ன செய்வது? கட்டில் பின்னக் கொடுத்தார். எங்கள் தெருவில் இன்று நாடாக் கட்டில் இல்லாத வீடு இல்லை. ஆகாயத்துக்கென நெய்த நாடாவில் எங்கள் ஊர் படுத்துறங்குகிறது. இறுதி மாதங்களில் அக்கா படுத்திருந்ததும் அப்படி ஒரு கட்டிலில்தான். உட்கார்ந்தால் கிறீச்சிடாது, தொய்யாது என்று வந்தவர்களிடம் அதன் நெசவைப் புகழ்வார்.

ஆர்டர் வராது என்று சொன்ன மேலாளரிடமிருந்து அடுத்த ஆண்டு ஓர் ஆள் வந்தார். வான்குடை நாடா அல்ல, பை வார். அதுவும் சிறு அளவு. அக்கா மறுக்கவில்லை. அரக்கோணத்தில் தாம் புரட்டிப் பார்த்த வாரையே நெய்தார். இழை அறுந்தால் தறி நிற்கும். சிவப்பு நூல் ஏறும். அதன் பிறகுதான் தறி ஓடும். வாருக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் கை பழக வேண்டும் என்றார். முதல் நாள் மாமா சிவப்பு நூலை எடுத்து எடுத்துக் கீழே வைத்ததைப் பாவா பார்த்திருக்கிறார். நெற்றியில் சாணி பூசிக்கொள்வது போல இருக்கிறது என்று மாமா முணுமுணுத்தாராம். ஆனால் கட்டினார். வயலுக்கும் கரும்புக்கும் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள்.

வான்குடை நாடாவுக்கு மறுபடி அழைப்பு வர மேலும் நாள் பிடித்தது. வந்த அதிகாரி பழையவரே. முதல் சுருளை விரித்ததும் திகைத்தார். நாடாவின் ஓரமெங்கும் இடைவிட்டு இடைவிட்டுச் சிவப்பு.

"என்னம்மா இது, இவ்வளவு குறையா?"

"இவ்வளவுதான் சார் குறை" என்றார் அக்கா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொறியில் மாட்டினார், விரலால் தடவினார், முத்திரையிட்டார். அன்றுமுதல் எங்கள் கூடத்துச் சரக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. அதைப் பார்த்துத் தெருவில் வேறு இருவர் நாடாத் தறி போட்டார்கள். பாவாவே போய் அவர்களுக்குத் தறி பூட்டிக் கொடுத்தார். போட்டியாளருக்கு ஏன் உதவுகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "நாட்டுக்கு வேண்டிய நாடாவ நான் ஒருத்தனே நெய்ய முடியுமாடா, வக்கீலு?" என்றார். சட்டம் படித்துச் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் எனக்கு, தனியார் தொழில் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அக்காவின் உடல் தளர்ந்துகொண்டே வந்தது. கால்கள் வீங்கின; படுத்தால் மூச்சு முட்டியது. அறுவை செய்யலாம், ஆனால் தாங்குவாரா என்று சொல்ல முடியாது என்று வேலூரில் சொன்னார்கள். அக்கா வீட்டுக்கே வந்துவிட விரும்பினார். அவருடைய கட்டிலைத் தறிக்கூடத்தை அடுத்த அறையில் போட்டோம். சத்தம் தொல்லையாக இருக்குமே என்று தறிகளை நிறுத்தச் சொன்ன அம்மாவிடம், "நிறுத்தாதம்மா. அது ஓடினு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்றார். கண்ணை மூடிக்கொண்டே, "கடைசித் தறி நின்னு போச்சு, இழை அறுந்திருக்கும், பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும்.

மாசி மாதத்துப் பகல் ஒன்றில், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் மூச்சு அடங்கியது. அம்மாவின் மடியில் தலை இருந்தது. நாற்பது வயதைக்கூட எட்டாத என் அக்கா. நான் சென்னையில் நீதிமன்றத்தில் இருந்தேன். தந்தி வந்து, ரயில் பிடித்து, வந்து சேர்ந்தபோது கூடத்தில் எந்த ஓசையும் இல்லை. எத்தனையோ அரங்குகளின் நிசப்தத்தை என் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையாக எண்ணியவன் நான். அந்த நிசப்தத்தின் முன் எனக்குப் பேச்சே இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவை மகளைப் போல் பார்த்துக்கொண்ட வேலூர் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், மூச்சு முட்டிய வேளைகளிலெல்லாம் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அரக்கோணத்து நண்பருக்கும், ஈமக் காரியங்கள் முடியும்வரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் தம் வீட்டிலிருந்தே சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அன்று குழாயடியில் கேலி பேசி, பின்னர் அக்காவின் கால்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒத்தடம் கொடுத்த அந்த அம்மையாருக்கும், சென்னையிலிருந்து வந்து, மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றழுத மேலாளருக்கும், அக்காவை ஒருநாளும் தனித்துவிடாத எங்கள் பாவாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். காரியங்கள் முடிந்த மறு மாதம் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அக்கா நிற்கும் இடத்தில் நிற்கப் பாவாவால் இயலவில்லை; முனிரத்தினம் மாமா நின்றார். சுருள்கள் ஒவ்வொன்றாக மேசைக்குப் போயின. ஒரு சுருளை மட்டும் மாமா கையில் எடுத்துத் தனியே வைத்தார். அதிகாரி அதை விரித்துப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, இது சுத்தமா இருக்கே. ஒரு சிவப்பு நூல்கூட இல்லையே?"

"அதனாலதான் சார் வேணாம்ன்றேன். எங்க பொண்ணு போன அன்னிக்கு நெய்தது இது. உள்ள அழுகை சத்தம் கேட்டு நான் எழுந்து போற வரைக்கும் நெய்துகினுதான் இருந்தேன். கண்ணுல தண்ணி நின்னுகினே இருந்துது. இழை அறுந்துதா, நான் ஒட்டுனனா, ஒண்ணும் தெரியல சார்."

அதிகாரி அந்தச் சுருளின் எண்ணைத் தம் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

முனிரத்தினம் மாமாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.